பதினொரு நிமிட நடை

2019 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஒன்பது நாற்பது. சோலோ நகரின் மேல் மேகம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. வறண்ட காற்று கல்யாண மண்டபத்து வாசலின் தென்னங்குருத்துத் தோரணத்தை அசைத்துக்கொண்டிருந்தது. அதன் அடியில், மணமக்களுக்கு மூன்றடி முன்னால், பார்டிமான் அசையாமல் நின்றார். அதற்குக் காரணம் சடங்கு அன்று. அவரால் காலை எடுத்து வைக்க முடியவில்லை.

மணமக்களுக்கு முன்னால் நடந்து அவர்களை மேடைக்கு அழைத்துச் செல்லும் முன்னடப்பவர் பணியை அவர் பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்துவந்தார். வாசலிலிருந்து மேடை முப்பது மீட்டர். நான்கு நிமிட நடை. ஆனால் நோன்பு மாதத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்ததன் பயனாக அவருடைய ஆசனவாயில் ஒரு வெடிப்பு உண்டாகியிருந்தது. அதன் நீளம் அரை அங்குலத்துக்கும் குறைவு. எனினும், அன்று காலை கழிப்பறையில் கழிந்த அரைமணி நேரத்துக்குப் பிறகு, தம் உடம்பில் வேறு உறுப்புகளும் இருக்கின்றன என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். இடுப்பில் இறுக்கிச் சுற்றிய பாத்திக் துணியோ, முதுகுப்புறம் செருகிய கிரிஸ் கத்தியோ ஆறுதல் தரும் வகையைச் சேர்ந்தவை அல்ல.

கமலான் இசை தொடங்கியது.

"நடங்க பாக்," என்று, பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லைச் சேர்த்து, பின்னாலிருந்து மாப்பிள்ளை முணுமுணுத்தான்.

பார்டிமான் நடந்தார். ஓர் அடி, மூன்று மூச்சு, மறுபடி ஓர் அடி. தொடைகளை ஒட்டி வைத்துக்கொண்டால் வலி குறையும் என்று எண்ணினார், குறையவில்லை. இடுப்பை அசைக்காமல் இருந்தால் குறையும் என்று எண்ணினார், அப்போதும் குறையவில்லை. கண்களில் நீர் நிறைந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கினால் உடம்பு திரும்பும் என்பதால் அவர் துடைக்கவில்லை. இசைக்குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அதே உருப்படியை மூன்றாம் முறையாக வாசித்து முடித்தபோது அவர் மேடையை அடைந்தார். பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

பிறகு முன்வரிசையில் பெண்ணின் பெரியம்மா விம்மி அழுதார்.

யார் முகத்தையும் பார்க்காமல் சமையற்கட்டு வழியாக வெளியேறிவிடலாம் என்று பார்டிமான் நகர்ந்தார். முன்னடப்பவர் சங்கத்தின் தலைவரான ஹடிசுமார்தோ குறுக்கே வந்து அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"எங்க கத்துக்கிட்ட இத?"

"எதப் பாக்?"

"மறைக்காத. இது அரண்மனை நடை. மூணு தலைமுறையா யாருக்கும் வரல. கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா கீழ விழல. சும்மா வருமா அது?"

"உண்மையச் சொல்லணும்னா பாக், எனக்கு உடம்புல..."

"உடம்பே மறந்துபோகும். தெரியும் பார்டி. கேள்விப்பட்டிருக்கேன்."

மாலைக்குள் அந்த நடையின் காணொளி சோலோவில் கைப்பேசி வைத்திருந்த அனைவரிடமும் போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஹர்ஜந்தோவிடம் போனார். ஹர்ஜந்தோ சோதித்துப் பார்த்துவிட்டு நிதானமாகக் கை கழுவினார்.

"வெடிப்புதான் பாக். களிம்பு தரேன். காலையிலயும் சாயங்காலமும் வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் உக்காருங்க. காரம் வேணாம். கீரை, பப்பாளி நெறையச் சாப்பிடுங்க."

"ஆபரேஷன் பண்ணா சீக்கிரம் சரியாகாதா டாக்டர்?"

"எதுக்கு அவசரம்? பொறுமையா இருங்க. அவசரப்படக்கூடாத எடம் அது."

வீட்டின் குளியலறையில் வெந்நீர்ப் பேசினை வைத்தால் ஆள் உட்கார இடமில்லை. ஆள் உட்கார்ந்தால் பேசினுக்கு இடமில்லை. ஆகவே அவருடைய மனைவி வார்சினி கொல்லைப்புறத்தில், வாழை மரங்களுக்குப் பின்னால், நீல நிறப் பேசின் ஒன்றில் வெந்நீர் கலந்து வைத்தார். காலை ஐந்தரை மணிக்குப் பார்டிமான் அதில் அமர்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு முஜியோனோ அந்நேரத்தில் தம் புறாக்கூண்டைக் கம்பத்தில் ஏற்றுவதற்காகச் சுவரோரம் முக்காலி போட்டு ஏறுவது வழக்கம். அவரும் ஒரு முன்னடப்பவர். ஆனால் காணொளி எடுக்கப்படாதவர்.

"பாக்," என்று அவர் மேலிருந்து மெல்ல அழைத்தார். "ராத்திரியெல்லாம் ஆத்துல உக்காந்து தவம் பண்றவங்களப் பாத்திருக்கேன். பேசின்ல உக்காந்து பாத்ததில்ல. அடக்கம்னா இதுதான்."

"தவமெல்லாம் இல்ல முஜி. உடம்புக்கு."

"உடம்புக்கு என்ன?"

இதற்கு விடை சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைப் பக்கத்து வீட்டுக்காரரிடம், சுவருக்கு இந்தப் புறமிருந்து, இடுப்பளவு நீரில் அமர்ந்தபடி சொல்லும் விதத்தில் பார்டிமான் வளர்க்கப்படவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றார். "மனசுக்குத்தான்."

முஜியோனோ கைகூப்பிவிட்டு முக்காலியிலிருந்து இறங்கினார்.

ஒரு வாரத்துக்குள் சங்கத்தின் உறுப்பினர்களில் பன்னிரண்டு பேர் நீலப் பேசின் வாங்கினார்கள். வேறு நிறமும் பயன்படுமா என்று இருவர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். பார்டிமான் மிளகாய்ச் சம்பல் தொடுவதில்லை என்பதும், பப்பாளியும் கீரையும் மட்டுமே உண்கிறார் என்பதும் வெளியே தெரிந்தபோது தவம் முழுமையாக உறுதிப்பட்டது. அவர் மறுத்தார். மறுக்கும் விதத்திலேயே அவருடைய பக்குவம் தெரிகிறது என்றார் ஹடிசுமார்தோ.

நல்ல நாள் இல்லையென்று கல்யாணங்கள் நடக்காத ஜூலை மாதத்தில் சங்கம் பயிற்சி முகாம் நடத்தியது. நாற்பது ஆண்கள் வந்தார்கள். நாற்பது பேரும் இரண்டு வாரம் வெந்நீரில் அமர்ந்தவர்கள். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, பற்களைக் கடித்துக்கொண்டு, எதிரே ஏதோ இழவு விழுந்ததைக் கண்டவர்களைப்போல அவர்கள் நகர்ந்தார்கள்.

"இப்ப நீ நடந்து காட்டு பார்டி," என்றார் தலைவர்.

களிம்பு ஓரளவு வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அன்று காலை கழிப்பறையில் ஏழு நிமிடமே ஆகியிருந்தது. பார்டிமான் நடந்தார். கூடத்தில் சிறு சலசலப்பு எழுந்தது. முஜியோனோ அருகே வந்து தணிந்த குரலில் பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க பாக். நல்லாத்தான் இருக்கு. ஆனா இடுப்புல இன்னும் கொஞ்சம் வேணும். உள்ள ஏதோ கிழியுற மாதிரி நெனச்சுக்கிட்டு நடங்க."

"கிழியுற மாதிரி."

"ஆமா. நீங்கதான எங்களுக்குக் கத்துக்குடுத்தது."

ஆகஸ்ட் 4 அன்று கல்யாணங்கள் மீண்டும் தொடங்கின. அன்றைக்குப் பார்டிமானுக்கு வலியே இல்லை. மேடைக்கு நான்கு நிமிடம் ஐம்பது விநாடியில் போய்ச் சேர்ந்தார். வெடிப்பு வந்த பிறகு அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக நடந்ததில்லை. விருந்து முடிந்ததும் பெண்ணின் தாய் அவரைத் தூணருகே நிறுத்தினார்.

"எங்ககிட்ட என்ன கொறையக் கண்டீங்க பாக்?"

"கொறையா? ஒண்ணுமே இல்லயே அம்மா."

"ஜூன்ல அந்த வீட்டுக்குப் பதினொரு நிமிஷம். எங்க பொண்ணுக்கு அஞ்சு கூட இல்ல. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சிரிச்ச மாதிரி வேற இருந்தீங்க. சம்பந்தி வீட்டுல கேக்கறாங்க, நான் என்ன சொல்லட்டும்?"

அந்தத் தாய் அதன் பிறகு விருந்தினரை வழியனுப்பக்கூட வராமல் தூணருகிலேயே அமர்ந்திருந்ததைப் பார்டிமான் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவருடைய மகளின் கல்யாணத்தைத் தம் நலத்தால் கெடுத்துவிட்டோம் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை. அன்று மாலை களிம்பை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். சோற்றில் மூன்று கரண்டி சம்பல் போட்டுப் பிசைந்தார்.

"என்ன மாஸ் பண்றீங்க?" என்றார் வார்சினி, கணவரை எப்போதும் அழைக்கும் சொல்லால்.

"வேலைக்குத் தயாராகுறேன்."

வெடிப்பு இரண்டே நாளில் திரும்பி வந்தது. முன்பு வலித்தது, இப்போது குருதியும் வந்தது. பதின்மூன்றாம் தேதி ஹர்ஜந்தோ நீண்ட நேரம் பார்த்துவிட்டு, படம் ஒன்றை வரைந்து விளக்கினார்.

"சுருக்குத் தசைல சின்னதா ஒரு வெட்டு. இறுக்கம் விட்டுடும், ரத்த ஓட்டம் வரும், வெடிப்பு தானா ஆறும். நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல சுத்தமா சரியாயிடுது."

"மிச்சம் பேருக்கு?"

"சிலருக்குக் கொஞ்ச நாள் காத்து கட்டுல நிக்காது."

பார்டிமான் படத்தைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"டாக்டர், பொண்ணும் மாப்பிள்ளையும் பெத்தவங்க முழங்காலத் தொட்டுக் குனியுற நேரம் ஒண்ணு இருக்கு. ஐநூறு பேர் இருப்பாங்க, ஒரு சத்தம் இருக்காது. நான் ரெண்டடி தள்ளி நிப்பேன். என் பக்கத்துல மைக் நிக்கும்."

மருத்துவர் அந்தக் காட்சியைத் தக்க மரியாதையுடன் மனத்தில் கண்டார்.

"அதத்தான் நானும் சொல்றேன் பாக். அவசரமே இல்ல. இந்தப் படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கு. சம்மதம்னா மேல, மறுப்புன்னா கீழ. வீட்டுல பேசி, யோசிச்சு, மெதுவா குடுங்க. அதுவரைக்கும் களிம்பு போதும்."

படிவம் ஐந்து நாள் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. பார்டிமான் பேனாவை எடுப்பார்; நின்றபடியே மேல் கட்டத்தைப் பார்ப்பார்; வெட்டினால் நடை போய்விடும். கீழ்க் கட்டத்தைப் பார்ப்பார். வெட்டாவிட்டால் எல்லாக் காலைப்பொழுதுகளும் இப்படியே விடியும். பேனாவை வைத்துவிடுவார். ஹடிசுமார்தோ ஒருமுறை வந்து, அந்த நடைக்குச் சங்கம் அவர் பெயரையே வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்வரை படிவத்தின் மேல் சோற்றுப் பானை வைக்கப்பட்டிருந்தது.

ஆகஸ்ட் 18 அன்று நடந்த கல்யாணத்தில் பார்டிமான் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். மூன்று மேசைகளில் இருந்தவர்கள் ஒருங்கே அழுதார்கள். கமலான் குழுவில் மத்தளம் வாசித்தவர் கண்ணைத் துடைத்ததில் தாளம் ஒருமுறை தவறியது. பெண்ணின் தகப்பனார் பார்டிமானின் தோளை அணைத்தபடி, செத்தாலும் இதை மறக்க மாட்டேன் என்றார். வீடு திரும்பியதும் பார்டிமான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, வார்சினி கதவுக்கு எதிரே தரையில் அமர்ந்திருந்தார்.

"இங்க எதுக்கு உக்காந்திருக்க?"

"தெனமும் இங்கதான் உக்காந்திருக்கேன். நீங்க வெளிய வர்ற சத்தம் கேட்டா எழுந்து போயிடுவேன். இன்னிக்கு எழுந்திரிக்கத் தோணல."

பார்டிமான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஊரே உங்க நடையப் பாத்து அழுவுது மாஸ். அழட்டும். அவங்களுக்கு அது கல்யாணத்தோட முடிஞ்சிடுது. எனக்கு முடியல."

"வெட்டினா சாதாரணமா நடக்குறவனாயிடுவேன் வார்சி."

"நான் சாதாரணமா நடக்குறவரத்தான் கட்டிக்கிட்டேன். அப்ப பஸ் ஸ்டாப்புக்கு நீங்க நடந்தா நான் பின்னாலயே ஓடி வரணும். எத்தன தடவ திட்டியிருக்கேன், மெதுவா நடங்கன்னு." அவர் முந்தானை ஏதும் இல்லாததால் கையின் புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்படிச் சொன்ன வாயக் கழுவணும்."

"மைக் பக்கத்துல நிக்கறப்ப சத்தம் வந்தா?"

"மைக்க நகத்தி வெக்கச் சொல்லுங்க."

பத்தொன்பது ஆண்டுகளில் இந்த வழி தமக்குத் தோன்றவில்லையே என்று பார்டிமான் வியந்தார். மேசைக்குப் போய் மேல் கட்டத்தில் கையொப்பமிட்டார். சாட்சி என்ற இடத்தில் வார்சினி கையொப்பமிட்டார். எழுத்து தெளிவாக இல்லை என்று தோன்றவே, பார்டிமான் அதன் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதச் சொன்னார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை காலை, அவர் மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தைச் சுவரோரமாகக் கடந்தார். வழியில் துப்புரவுப் பெண்கள் இருவர் வேலையை நிறுத்திவிட்டு மரியாதையாகத் தலை வணங்கினார்கள். மருத்துவரின் அறை வாசலில் செவிலி திதின் பதிவேட்டுடன் அமர்ந்திருந்தார். பார்டிமான் படிவத்தை இரு கைகளாலும் நீட்டினார்.

"முடிவு பண்ணிட்டேன் சிஸ்டர். சம்மதம்."

திதின் இரண்டு கையொப்பங்களையும் சரிபார்த்தார். கீழ்க் கட்டம் காலியாக இருப்பதையும் உறுதி செய்துகொண்டு, முத்திரை குத்தினார்.

"ரொம்ப நல்லது பாக். இருபத்தாறு, திங்கக்கிழமை. காலைல வெறும் வயித்தோட வந்துடுங்க."

"ஆபரேஷன் பட்டியல் பலகைல நாளைக்கும் காலி, நாளன்னிக்கும் காலின்னு போட்டிருக்கே. வலி தாங்கல சிஸ்டர். நாளைக்கே பண்ணிட முடியாதா?"

திதின் மூடிய கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை டாக்டர் பொண்ணுக்குக் கல்யாணம் பாக், முன்னால நடக்க ஜூன்லயே உங்க சங்கத்துல உங்களத்தான் பேசி வெச்சிருக்காங்க, அதனால அதுவரைக்கும் அந்தக் களிம்பக்கூட போட வேணாம்னு சொல்லச் சொன்னாரு."