மாடியில் கொஞ்சம் யோசனை

"சார், போர்டு மஞ்சளாயிடுச்சு!"

ஆய்வக உதவியாளர் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தார். சுற்றுச்சூழல் அறிவியல் துறைத்தலைவர் பாதி கட்டிய டையோடு ஜன்னலுக்கு ஓடினார். காலையில் வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போதுதான் இறங்கி ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார்.

வளாக வாசலில் இருந்த மின்பலகை அவர் அலையாய் அலைந்து வாங்கியது. காற்று சுத்தமென்றால் பச்சை, கெட்டால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. உலகமே பார்க்கட்டும் என்று இணையதளத்திலும் ஏற்றியிருந்தார். இன்றைக்குப் பார்த்தா மஞ்சள் காட்ட வேண்டும்? மதியம் ஆய்வுக் குழு வருகிறது. அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் துறையைக் கொண்டுபோய்க் கட்டடப் பொறியியலோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே தலைவர் இவருடைய சம்பந்தி. அந்த ஆளுக்குக் கீழே வேலை பார்ப்பதைவிடக் காவி கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

"எல்லாம் வண்டிப் புகைதான்யா. ஒரு வண்டியையும் உள்ள விடாதேன்னு வாசல்ல சொல்லு!"

செல்பேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, டென்ஷனா இருக்கீங்களா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"என்னமோ தோணுச்சு."

தலைவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "பாருய்யா, மனசு ஒத்துப்போறதுன்னா இதுதான்" என்றார். உதவியாளர் கல்யாணம் ஆகாதவர், தலையை ஆட்டி வைத்தார்.

வண்டிகள் நின்றன, பலகையும் பச்சைக்குத் திரும்பியது. தலைவர் மீசையைத் தடவி முடிப்பதற்குள் துணைவேந்தர் கூப்பிட்டார்.

"யோவ், தேர்வு வினாத்தாள் வந்த வேன் வாசல்ல நிக்குது! பசங்க வெறும் பேப்பரை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க! என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?"

"கொஞ்சம் யோசிச்சுட்டு வரேன் சார்."

யோசனை என்றால் அவருக்கு மாடிதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், முழங்கை ஊன்ற வாகாக ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். அது என்ன, ஏது என்று அவர் கேட்டதில்லை. தலைவரான பிறகு யாருக்குக் கருவிகளைப் பார்க்க நேரமிருக்கிறது? கையெழுத்துப் போடவே பொழுது பத்தவில்லை.

இறங்கி வந்து, ஏலக்காயை வாயில் போட்டதும் உதவியாளர் கையைப் பிசைந்தார்.

"சார், மறுபடியும் மஞ்சள்."

"வண்டியே இல்லையேய்யா! அப்போ கேன்டீன் அடுப்புதான். போய் அணைக்கச் சொல்லு!"

மனைவி. "மறுபடியும் டென்ஷனா?"

"நீ தெய்வம்டி" என்றார் தலைவர். எதிர்முனை பட்டென்று துண்டித்தது.

அடுப்பு அணைந்தது, பச்சை வந்தது. கூடவே, பசியோடு மாணவர் கூட்டமும் வந்தது. "சோறு எங்கே, சோறு எங்கே" என்று தாளம் போட்டுக்கொண்டு அறை வாசலை அடைத்தார்கள். தலைவர் பின்பக்கக் கதவு வழியாக மாடிக்குப் பாய்ந்தார். இந்தத் தடவை யோசனை ஒன்றோடு நிற்கவில்லை.

அவர் கீழே வந்தபோது பலகை ரத்தச் சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே, கார் அனுமதிக்கப்படாமல், வெயிலில் நடந்து வந்த ஆய்வுக் குழு நின்றுகொண்டிருந்தது. குழுத் தலைவி அம்மையார் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"சுற்றுச்சூழல் துறை இதுதானா?"

"இதேதாங்க. வாங்க, வாங்க, முதல்ல டீ..." என்று ஆரம்பித்தவர், அடுப்பு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூட்ட அறையில் தன் செல்பேசியைத் திரையோடு இணைத்து இணையதளத்தைக் காட்டினார். காற்று மாசின் வரைகோடு மலைத்தொடராக ஏறி இறங்கியது. அதன் மேலே பொடி எழுத்தில், 'காற்றை அளக்கும் கருவி இருக்கும் இடம்: மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், வெள்ளைப் பெட்டி.'

அதை அவர் இன்றுதான் முதன்முதலாகப் படித்தார். தன் முழங்கையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"வண்டி இல்லை, அடுப்பு இல்லை, அப்புறம் எப்படி இவ்வளவு ஏறுது?" என்றார் அம்மையார்.

"அது... ஆராய்ச்சியில இருக்குங்க."

"சரி, அதை விடுங்க. இவ்வளவு செலவு பண்ணியிருக்கீங்களே, வெளியில யாராவது இதைப் பார்க்கிறாங்களா? பார்த்துப் பலன் அடைஞ்சவங்க ஒரே ஒருத்தரைக் காட்டுங்க, உங்க துறையை நாங்க தொடவே மாட்டோம்."

தலைவர் கூரையைப் பார்த்தார். உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார். சம்பந்தியின் சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது.

செல்பேசி அடித்தது. துண்டிக்கப் போன விரல், பதற்றத்தில் எடுத்துத் தொலைத்தது. அறையின் நான்கு மூலை ஒலிபெருக்கியிலும் மனைவியின் குரல் கணீரென்று கேட்டது.

"ஏங்க, சிகரெட்டை விட்டுட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணின நாள்லேருந்து தினமும் உங்க இணையதளத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன், மஞ்சளுக்கெல்லாம் போனாப் போகுதுன்னு விட்டேன், இன்னிக்குச் சிவப்புக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"