நூற்றைம்பது கிலோ குளிர்

"இந்தக் கோடையில கரண்ட் பில்லைப் பாதியாக்கிக் காட்டறேன்!" என்று என் வீட்டுக்காரர் சபதம் போட்டார். அவர் சபதம் போட்டால் வேர்ப்பது எனக்குத்தான்.

எங்களுடையது மேல்மாடி வீடு. வெயில் நேராகத் தலையில் இறங்கும். ஏ.சி. இருப்பது ஒரே அறையில். எட்டு மணிக்கு ஜன்னல்களைச் சாத்திக் கெட்டித் திரை போட வேண்டும். ஒன்பதுக்குள் சமையல் முடிந்து அடுப்பு அணைய வேண்டும். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் இருவரும் அந்த ஒரே அறையில். ஏ.சி. இருபத்தாறில், மேலே ஃபேன் மெதுவாக. இதுவரை அவர் போட்ட சட்டத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பொய் சொல்லக் கூடாது, வீடு குளிரத்தான் செய்தது.

என் கவலை வேறு. தம்பியும் அவன் மனைவியும் தகரக் கூரைக்குக் கீழே வேகிறார்கள். அந்தப் பெண்ணுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. "ஒரு வாரம் வந்து இருங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தூக்கமில்லை. நான்காம் நாள் சொன்னேன்.

இவர் எடைமேடையில் வேலை பார்ப்பவர். லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பார். ஒரு மூட்டை கூடுதலாக இருந்தாலும் வண்டி நகராது. யார் கெஞ்சினாலும் சரி.

"உன் தம்பியா?" கண்ணாடியைக் கழற்றினார். "மனுஷ உடம்பு எவ்வளவு சூடு விடும் தெரியுமா? நூறு வாட் பல்பு மாதிரி! ரெண்டு பேர் வந்தா ரெண்டு பல்பு. அந்தச் சூட்டையும் ஏ.சி.தானே இழுக்கணும்?"

"ஒல்லியா இருந்தாலும் நூறுதானாங்க?"

நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழிலைத் தொட்டுவிட்டேன்.

"அதெப்படி? எடைக்குத் தகுந்த சூடு. நம்ம ரூம் தாங்கறது நூத்தம்பது கிலோ. அதுக்கு மேல ஒரு கிராம் ஏறக் கூடாது."

"அது என்ன நூத்தம்பது?"

"நான் தொண்ணூத்தொண்ணு. நீ அம்பத்தெட்டு. நூத்தி நாப்பத்தொம்பது ஆச்சா? மிச்சம் ஒரு கிலோ. வேணும்னா உன் தம்பியோட செருப்பு உள்ள வரட்டும்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தொண்ணூற்றொரு கிலோவும் குலுங்கியது. பிறகு எடைச்சீட்டின் பின்பக்கத்தில் 'இந்த அறைக்கு 150 கிலோ மட்டும்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, கதவில் ஒட்டினார்.

கவலை வந்தால் என் கை சும்மா இருக்காது. கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். உடம்பைக் குறைக்கிறேன் என்று அவர் வாங்கி, நாலே நாளில் மறந்துபோன எடை மெஷின் அங்கே கிடந்தது. தூசி தட்டினேன். தம்பிக்குப் போன் போட்டேன்.

ஞாயிறு பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். எடை மெஷின் அறை வாசலில் இருந்தது.

"என்னக்கா இது?"

"மாமா போட்ட சட்டம்டா. ஏறு."

தம்பி நாற்பத்தேழு. அவன் மனைவி நாற்பத்து மூன்று. என்னையும் சேர்த்து நூற்று நாற்பத்தெட்டு. மூவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம்.

வீட்டுக்காரர் துண்டோடு வந்து நின்றார்.

"அப்ப நான்?"

"நீங்க ஓவர்லோடுங்க."

"என் வீட்டுல எனக்கேவா?"

தம்பி பாவம், ஒன்றும் தெரியாதவன். கதவுச் சீட்டை உற்றுப் பார்த்தான். "மாமா, கையெழுத்து உங்களோடதுதானே?"

"அது... அது ஒரு கணக்குப்பா."

உன்னைத் தடுக்கத்தான் எழுதினேன் என்று மச்சினன் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? இருபது வருடமாக ஒரு மூட்டையைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் வேறு. ஹாலுக்குத் திரும்பினார். குளிர் வெளியே போகக் கூடாதல்லவா, கதவைச் சாத்தினேன்.

அரை மணி நேரத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. மயக்கம் கியக்கம் வந்துவிட்டால்? கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். சாத்திய ஜன்னலுக்குக் கீழே, சிக்கனத்துக்காக ஃபேனும் போடாமல், காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஆசையோடு எழுந்தார்.

"ஏங்க, உள்ள இன்னும் ரெண்டு கிலோவுக்கு இடம் இருக்கு" என்றேன். "வேணும்னா உங்க செருப்பு வரட்டும்."