பதினோரு கம்பெனிக்கு ஒரே உலை

ஒரகடம்,
வியாழக்கிழமை, பகல் பந்தி முடிந்த பிறகு.

என்றும் என் மரியாதைக்குரிய பெரிய அண்ணன் ஏகாம்பரநாதன் அவர்களுக்கு, தங்கை பெருந்தேவி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மச்சானும் பிள்ளைகளும் சுகம். அங்கே உங்கள் முழங்காலும் அண்ணியின் சர்க்கரையும் கோயம்புத்தூர்க் குளிரும் ஒன்றுக்கொன்று சண்டை போடாமல் இருக்க வரதராஜப் பெருமாளைத் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேப்பரில் என் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தீர்கள். "நல்லா இருக்கியா" என்றுகூடக் கேட்கவில்லை. "கலெக்டர் ஆபீஸ்ல உனக்கு இன்னா வேல? எவனாவது உன் மேல புகார் கொடுத்துட்டானா?" என்று கேட்டீர்கள். நான் சொல்லச் சொல்ல, "எல்லாம் எழுத்துல அனுப்பு, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டீர்கள். முப்பத்தொரு வருஷம் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு வாய்ச்சொல் செல்லாது என்று எனக்குத் தெரியாதா? ஆகவே எழுத்திலேயே அனுப்புகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

கப்பல்கள் கடலில் எங்கேயோ மாட்டிக்கொண்டு கேஸும் டீசலும் முறையாக வராமல் போனது உங்களுக்கும் தெரியும். வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் முதலில், மற்றவர்களுக்கு மிச்சம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது, நியாயம்தான், ஆனால் அந்த மற்றவர்களில் கேன்டீன் பொறுப்பில் இருக்கிற நானும் இருந்தேன். எங்கள் கம்பெனி காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி, மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து ஆயிரத்து முந்நூறு சாப்பாடு, அதற்குத் தினம் பன்னிரண்டு பெரிய சிலிண்டர் வேண்டும், அது எட்டாகி, ஐந்தாகி, ஒரு திங்கட்கிழமை மூன்றே மூன்று வந்து இறங்கியது. எங்கள் நிர்வாக மேலாளர் மோகன்ராஜ் சார் கேன்டீனுக்கு வந்து அந்த மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பார்த்தால் நாலாகுமா? "கேன்டீன் இல்லாம ஷிப்ட் ஓட்டக்கூடாது மேடம். செகண்ட் ஷிப்ட்ட கொஞ்ச நாளைக்கு மூடிடலாம்னு மேல பேசறாங்க" என்றார். செகண்ட் ஷிப்டில் முந்நூற்று எண்பது பேர். முக்கால்வாசி காண்டிராக்ட் பெண்கள், வடக்குப்பட்டிலிருந்தும் படப்பையிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள், வேலை இல்லாத நாளில் சம்பளமும் இல்லாதவர்கள். அன்று மத்தியானம் அவர்களில் கங்கா என்கிற பெண் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அக்கா, நாளைக்கு நாங்க வர்றதா, வேணாமா? பஸ்ஸுக்கு பேர் குடுக்கணும்" என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் கையிலிருந்த கரண்டி கனத்தது. "வா. வராம எங்க போவ?" என்று சொல்லிவிட்டேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு அதிகாரமும் இல்லை அண்ணா.

மறுநாள் கலெக்டர் ஆபீஸில் கூட்டம். பதினோரு கம்பெனிகளைக் கூப்பிட்டிருந்தார்கள், எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகள், கேஸ் ஏஜென்சிக்காரர்கள், பஸ் காண்டிராக்டர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மோகன்ராஜ் சார் என்னையும் கூட்டிப்போனார், பெருமையாக நினைத்துவிடாதீர்கள், ஃபைல் பிடிக்கத்தான். காரிலேயே சொல்லிவிட்டார், "மேடம், நீங்க எதுவும் பேச வேணாம். நான் கேட்டா நம்பர் மட்டும் காட்டுங்க." நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன், அதை அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். கூட்டத்தை நடத்தியது வழங்கல் அதிகாரி மதிவதனி மேடம். சின்ன வயசு, மெல்லிய குரல், ஆனால் பேனாவை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் மொத்த ஹாலும் வாயை மூடுகிறது. ஒவ்வொரு கம்பெனியாக எழுந்து இங்கிலீஷில் தங்கள் தேவையைச் சொன்னார்கள். நிறையக் கேட்டால்தான் கொஞ்சமாவது கிடைக்கும் என்று எல்லாருமே ஏற்றிச் சொன்னார்கள், எங்கள் சாரும் கொஞ்சம் ஏற்றித்தான் சொன்னார், நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்களுக்கு அடுத்த காம்பவுண்டுக்காரர் எழுந்து தினமும் இரண்டாயிரத்து இருநூறு சாப்பாடு என்றார். அங்கே தலைமைச் சமையல்காரி நம்ம மஞ்சுளா, என் சினேகிதி, தொள்ளாயிரத்துக்கு மேல் ஒரு நாளும் வடித்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது.

பேனா தட்டும் சத்தம். "பின்னாடி சிரிக்கிற அம்மா யாரு? எழுந்திருங்க."

எழுந்தேன். ஃபைல் விழுந்தது. மோகன்ராஜ் சார் அதைக் குனிந்து பொறுக்குகிற சாக்கில் மேஜைக்கு அடியிலேயே தங்கிவிட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம், இவர் சொல்ற கணக்குல இட்லி சுட்டா, ஆளுக்குப் பதினாறு இட்லி வருது" என்றேன். ஹாலில் யாரோ இருமினார்கள். "எனக்குப் பதினோரு கேன்டீன்லயும் ஆள் தெரியும். உண்மையா சாப்பிடற தலை எத்தனைன்னு நாங்களே எழுதிக் குடுத்துடறோம். இன்னொண்ணு மேடம். இதுல நாலு கம்பெனில ஸ்டீம் பாய்லர் கீது, மரத்தூள் கட்டையில ஓடறது, அதுக்கு கேஸே வேணாம். சோறும் சாம்பாரும் அந்த நாலு எடத்துல பொங்கிட்டா, கேஸ் தாளிக்கறதுக்கும் சப்பாத்திக்கும் மட்டும் போதும். காலைல ஆளை இறக்கிட்டு சும்மா நிக்கிற கம்பெனி பஸ்ல அண்டாவை ஏத்திக்கினு போலாம். நானும் எங்காளுங்களும் டீ குடிக்கறப்போ தெனம் இதைத்தான் பேசிக்கினு இருக்கோம், எங்களை யாரும் கேக்கல."

மதிவதனி மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்காமல், "அந்த நாலு பாய்லர்காரங்க கை தூக்குங்க" என்றார். இரண்டு கைகள் உயர்ந்தன. அவர் மற்ற இரண்டு பேரைப் பார்த்தார். அந்தக் கைகளும் உயர்ந்தன. அப்புறம் நடந்தது அண்ணா, நீங்கள் சர்க்காரில் முப்பத்தொரு வருஷம் இருந்தும் பார்த்திருக்கமாட்டீர்கள். எண்ணெய்க் கம்பெனி அதிகாரி அங்கேயே கணக்குப் பார்த்துப் பதினோரு கம்பெனிக்கும் சேர்த்துத் தினம் முப்பத்துநாலு சிலிண்டர் தவறாமல் வரும் என்றார், சாப்பாட்டு பஸ்ஸுக்கு டீசல் போட ஒரு பங்க்கை ஒதுக்கினார்கள், உணவுப் பாதுகாப்பு அதிகாரி மூடி போட்ட பாத்திரம், சூடு, நேரம் எல்லாவற்றுக்கும் ஒரு தாள் எழுதினார், எல்லாம் சாயங்கால டீ வருவதற்குள். கடைசியில் மேடம், இதையெல்லாம் கவனிக்க ஒரு குழு என்று எழுதிவிட்டு, "கம்பெனிங்க சார்புல குழு உறுப்பினர்னு யார் பேரைப் போடறது?" என்று கேட்டார். மோகன்ராஜ் சார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மேடம் என்னைக் காட்டி, "அம்மா பேரு?" என்றார். "பெருந்தேவி" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

முதல் நாள் எல்லாம் சரியாகப் போனது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் நடந்ததையே எழுதுகிறேன். எங்கள் பஸ் டிரைவர் அருள்பாண்டி, திருநெல்வேலிப் பக்கம், நல்ல மனுஷன், எதையும் பெரிதாகச் செய்வார். பஸ் முன்கண்ணாடியில் ஒட்டச் சொல்லி 'அவசர எரிபொருள் ஒருங்கிணைப்புப் பணி' என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அவர் அதை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில் கொடுத்துச் சிவப்பு எழுத்தில் பெரிதாக அடித்து, முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டார். இடம் போதாமல் கடைக்காரன் 'ஒருங்கிணைப்புப் பணி'யைப் பொடி எழுத்தாக்கிவிட்டான். தூரத்திலிருந்து பார்த்தால் 'அவசர எரிபொருள்' மட்டும்தான் தெரியும். பஸ் பங்க்குக்குள் வரிசையைத் தாண்டிப் போய் டீசல் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், வரிசையில் நின்ற சனம் மொத்தமும் இந்த பஸ்ஸில்தான் டீசல் போகிறது என்று முடிவு செய்துவிட்டது. நான் கேன்டீன் வாசலில் அண்டாவுக்காக நிற்கிறேன். அருள்பாண்டியிடமிருந்து போன். "எக்கா, பின்னால ஒரு நாப்பது வண்டி வருது. கையில எல்லாம் கேனு. நிப்பாட்டிச் சொன்னேன், சாம்பாருன்னா நம்ப மாட்டேங்காவ!"

வந்தார்கள். பைக், ஸ்கூட்டர், ஒரு ஷேர் ஆட்டோகூட. செக்யூரிட்டி கேட்டைச் சாத்தப் போனார், நான் வேண்டாம் என்று பஸ் கதவைத் திறக்கச் சொல்லி, அவர்கள் எதிரிலேயே முதல் அண்டாவின் மூடியைத் தூக்கினேன். ஆவி அடித்தது. முன்னால் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, முருங்கக்கா மெதக்குது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் ஒருவர் சிரிக்கவில்லை. சுப்பன் என்று பேர், வடக்குப்பட்டுக்காரர், கேனைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "நெல்லு பழுத்து நிக்குதும்மா. அறுக்கற மிஷின் வந்துட்டு டீசல் இல்லாம வரப்புல கீது. மேகம் வேற கட்டுது" என்றார். கம்பெனிக்கு மட்டும் வரிசையைத் தாண்டிப் போகும் வழி வைத்துக்கொண்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கேயே நின்று மதிவதனி மேடத்துக்குப் போன் போட்டேன். "குழு உறுப்பினர் பெருந்தேவி பேசறேன்" என்று முதல் தடவையாகச் சொன்னேன். மூன்று மணிக்குள் அறுவடை மிஷின்களும் அந்த பங்க்கின் பட்டியலில் சேர்ந்துவிட்டன. சுப்பன் மழைக்கு முன்னால் அறுத்துவிட்டார். அவருக்கும் அன்று சாம்பார் ஊற்றித்தான் அனுப்பினேன், மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் மோர். எங்கள் பந்திக்குச் சாம்பார் கொஞ்சம் நீர்த்துப் போனது. அதைப் பற்றிப் புகார்ப் பெட்டியில் ஆறு சீட்டு விழுந்தது.

அப்புறம் தவறே இல்லையா என்றால், இருந்தது. ஒரு நாள் நாலு சமையல்கட்டும், உப்பு அடுத்தவர்கள் போடுவார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அண்ணா, இன்றோடு இருபத்துமூன்று நாள். ஒரு ஷிப்ட் மூடவில்லை. ஒரு பெண்ணுக்கும் ஒரு நாள் சம்பளம் போகவில்லை. எங்களால் ஒரு வீட்டுக்கும் சிலிண்டர் தள்ளிப்போகவில்லை. அதற்காகத்தான் பதினைந்தாம் நாள் கலெக்டர் ஆபீஸில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள், அதில் எடுத்த படம்தான் நீங்கள் பார்த்தது. என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்துக்கொண்டு போன தாளைப் பார்க்கவே இல்லை. எங்கள் கேன்டீனில் கரண்டி பிடிக்கிற இருபத்தாறு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மோகன்ராஜ் சார் எழுந்து நின்று கைதட்டினார். இப்போதெல்லாம் வெளியாட்கள் வந்தால் அவரே, "இவங்க எங்க குழு உறுப்பினர்" என்று அறிமுகம் செய்கிறார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்கிறேன்.

ஆகவே என் மேல் எந்தப் புகாரும் இல்லை, விசாரணையும் இல்லை என்று இதன் மூலம் எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன். அண்ணிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். நீங்கள் நூறாண்டு இருந்து, என்னை இப்படியே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தங்கள் அன்புத் தங்கை,
பெருந்தேவி,
குழு உறுப்பினர்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு, இதோடு சர்க்கார் முத்திரை போட்ட தாள் ஒன்றும் வைத்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்குமே என்று தோன்றியது. போன சனிக்கிழமை கலெக்டர் ஆபீஸிலிருந்து என் பேருக்கு ஒரு கவர் வந்தது. இன்னொரு பாராட்டுப் பத்திரம் என்று நினைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து சாமி மாடத்தில் வைத்திருந்தேன், நாளை வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பிரிக்கலாம் என்று. இப்போது பிரித்துப் பார்த்தேன். கப்பல்கள் வந்துவிட்டனவாம். கட்டுப்பாடு எல்லாம் போன வெள்ளிக்கிழமையோடு நீங்கிவிட்டதாம். 'இதைக் குழு உறுப்பினர் பதினோரு தொழிற்சாலைகளுக்கும் உடனடியாகத் தெரிவிக்க வேண்டும்' என்று அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறது. கேஸ் ஏஜென்சி ஜோயல் ஐந்து நாளாக, "அக்கா, எத்தினி வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான், நான் அவன் மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்து, "முப்பத்துநாலே போதும்ப்பா" என்று பெருமையாக அனுப்பிவைத்தேன். உடனே மோகன்ராஜ் சாருக்குப் போன் செய்து கவரை அப்படியே படித்துக் காட்டினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், அந்தக் கவரைத் திரும்ப ஒட்டி அதே எடத்துல வெச்சிடுங்க. திங்கட்கிழமை பிரிக்கலாம். நாளன்னிக்கு பதினோரு கம்பெனிக்கும் மஞ்சுளா அக்கா கையால பிரியாணி வருது."