இழுத்தால் வேகம்

கைப்பிடியாரோடு வெளியே போய் மானத்தோடு வீடு திரும்பியவர் கோயமுத்தூரில் ஒருவரும் கிடையாது. பீளமேட்டில் பம்பு செட் செய்யும் பட்டறை ஒன்றில், வரைபட அறையில் இருந்த எங்கள் மூவருக்கும் அவர்தான் தலைவர்.

எதைப் பார்த்தாலும் அதன் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. துக்கம் கேட்கப் போன வீட்டில் தாழ்ப்பாளைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் யாரோ ஒருவரின் குடையைப் பிடுங்கி அதன் வளைவைத் தடவியதில், கண்டக்டர் எங்களை வழியிலேயே இறக்கிவிட்டார். நான் தெரியாதவன் போல முன்னால் நடந்தேன். "ஏங்கண்ணு, என்னைய உட்டுப்போட்டு எங்க போறே?" என்று கடைவீதி முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

அவர் எங்களுக்கு வைத்த சட்டம் ஒன்று உண்டு. நாம் செய்த சாமானை முதன்முதலாக ஒருவர் பயன்படுத்தும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. அப்படித்தான் எங்கள் முதல் மாவாட்டும் மெஷினோடு, முதலாளி மகள் கல்யாணத்தில் சமையல் பந்தலில் போய் நின்றோம்.

சமையலுக்குத் தலைமை மாராத்தாள். வடைக்கு அரைத்த உளுந்து பொங்கி வந்ததும், மெஷினை நிறுத்த லீவரைத் தன் பக்கமாக இழுத்தார். எங்கள் மெஷினிலோ இழுத்தால் வேகம், தள்ளினால்தான் நிற்கும். நாங்கள் பாய்ந்து தள்ளுவதற்குள் மாவு கிளம்பிப் போய், வடை ஆயிற்றா என்று கேட்க வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா தலையில் இறங்கிவிட்டது.

புத்தி கெட்டவள், இனி எந்தக் கல்யாணத்திலும் கரண்டி பிடிக்க விடமாட்டேன் என்று பெரியப்பா குதித்தார். மாராத்தாளை அனுப்பிவிடும்படி முதலாளியும் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் தலை நிமிரவில்லை. நாங்கள் பேசாமல் இருந்தால் போதும், பழி அவரோடு போயிருக்கும்.

கைப்பிடியார் எங்கள் மூவரையும் பெயர் சொல்லி முன்னால் இழுத்து நிறுத்தினார். "அம்மணி இழுத்தது செரிதானுங்க. மாட்டை நிறுத்தோணும்னா கயித்த நம்ம பக்கமாத்தான இழுப்போம்? நாங்க நாலு பேருமே ஏரு ஓட்டுன ஊட்டு ஆளுங்க. காயிதத்துல வரையறப்ப அத மறந்துபோட்டமுங்க."

பிறகு மாராத்தாளிடம் திரும்பினார்.

"வெக்கப்படறதுக்கு நாங்க இருக்கறமுங்க. நீங்க போயி வடையப் பாருங்க."

பந்தலே சிரித்தது. காது சுட, தரையைப் பார்த்தபடி நின்றேன். மாராத்தாள் அடுப்படிக்குத் திரும்பினார், யாரும் தடுக்கவில்லை.

இன்றைக்கும் எங்காவது தள்ள வேண்டிய கதவை இழுத்துவிட்டு, நாலு பேர் பார்க்க அசடு வழிய நிற்கும்போது, கைப்பிடியார் பக்கத்தில் இருக்கமாட்டாரா என்று திரும்பிப் பார்க்கிறேன்.