பெடல் திருடன்

பாப்பாவுக்கு நானே சைக்கிள் கற்றுக்கொடுப்பேன் என்று வீட்டில் அறிவித்தேன். அறிவித்தபோது ஒரே ஒரு சின்னச் சிக்கல்தான் இருந்தது. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமான புதிதில், கூடத்து அலமாரியில் இருக்கும் வெள்ளிக் கோப்பையைக் காட்டி, "சைக்கிள் ரேஸ்ல வாங்கினது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவளும் வாரம் தவறாமல் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறாள். இனிமேல் எப்படிச் சொல்வது?

வளர்கிற பிள்ளை என்று சைக்கிளைப் பெரிதாகவே வாங்கியிருந்தோம். பாப்பா மணியை மட்டும் அடித்துவிட்டு உள்ளே ஓடிவிடுவாள்.

"ஏறேம்மா" என்றேன்.

"விழுந்துட்டா?"

"விழுந்தாத்தான் கத்துக்க முடியும்."

"நீங்க விழுந்திருக்கீங்களாப்பா?"

"நானா? ஒரு தடவைகூட இல்ல!"

பாப்பா இரண்டடி பின்னால் போனாள். "அப்போ நல்லா ஓட்டுறவங்க விழவே மாட்டாங்க. நான் விழுந்தா எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு சைக்கிளே வேணாம்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோயிருக்கும். "உங்க பெருமை பிள்ளையை எங்க கொண்டுபோய் நிறுத்தியிருக்கு பாத்தீங்களா?"

"ஞாயித்துக்கிழமை நானே சொல்லித் தரேன். போதுமா?"

"நீங்களேவா?"

"நானேதான்."

"சரி" என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகச் சைக்கிளைப் பின்சந்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஏறினேன். இறங்கினேன். இரண்டுக்கும் நடுவில் ஓட்டுவது என்று ஒன்று இருக்கிறதாம். அது மட்டும் நடக்கவில்லை. முதலில் குப்பைத்தொட்டி மேல் விழுந்தேன். பிறகு செடிக்குள் விழுந்தேன். கடைசியாக, பக்கத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில், வெறும் தரையில் விழுந்தேன். அதற்கெல்லாம் தனித்திறமை வேண்டும்.

முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு காப்பிக்கு வந்தேன்.

"என்னங்க கையில?"

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சு."

"அடடா! தலையில இலை ஒட்டியிருக்கே, அதுவும் பாத்ரூம்லயா?"

அடுத்த நாள் போய்ப் பார்த்தால், சைக்கிளில் பெடல்கள் இரண்டையும் காணோம்! சீட்டும் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. சைக்கிளை விட்டுவிட்டுப் பெடலை மட்டும் கொண்டுபோகிற திருடனை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? கத்தலாம் என்றால், இந்த நேரத்தில் அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று மனைவி கேட்பாள். வாயை மூடிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தேன். காலால் தரையை உந்தி உந்திப் போனேன். முழங்கால் முகவாயில் இடித்தது. ஆனால் சில நாளில் ஓர் அதிசயம் நடந்தது. இரண்டு காலையும் தூக்கினேன், சைக்கிள் சாயவில்லை. சும்மா உருண்டுகொண்டே போனது. மேலே நானும் இருந்தேன்!

சனிக்கிழமை பெடல்கள் திரும்பி வந்திருந்தன. திருடன் மனம் திருந்திவிட்டான் போலிருக்கிறது. மிதித்தேன். மூன்று வீடு தாண்டினேன். நான்காவது வீட்டுச் சுவர் என்னை நிறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். "பாப்பா, முதல் பாடம். பயப்படக் கூடாது..."

பாப்பா ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள். தெருக்கோடிவரை போய், திரும்பி, மணியடித்தபடி வந்து, என் செருப்பு நுனியில் பிரேக் பிடித்தாள்.

"எப்படிம்மா?" என்றேன்.

"கிச்சன் ஜன்னல்லேருந்து தினமும் உங்களைப் பாத்தோம்ப்பா! நீங்களே அவ்வளவு தடவை விழுந்து விழுந்து எழுந்தீங்களா, எனக்குப் பயமே போயிடுச்சு. ஸ்கூல் விட்டு வந்து நானும் விழுந்தேன்!" பெருமையோடு முழங்காலைக் காட்டினாள்.

"அப்போ பெடல்?"

"நான்தான் கழட்டினேன்" என்றாள் மனைவி. "பெடல் இல்லாம உந்திப் பழகினா பேலன்ஸ் சீக்கிரம் வரும். பாப்பாவுக்காகக் கழட்டினது. உங்களுக்கும் உதவட்டுமேன்னு மாட்டாம விட்டேன். நீங்க காலை பேட்ச், அவ சாயங்கால பேட்ச்."

"ஏறுங்கப்பா, நான் பின்னால பிடிச்சுக்கறேன்" என்றாள் பாப்பா.

தெருவே வேடிக்கை பார்த்தது. ஏறினேன். ஒரு வீடு, இரண்டு வீடு, மூன்று, நான்கு... ஐந்தாவது வீட்டு வாசலில் விழுந்தேன்.

பாப்பா குதித்துக் கைதட்டினாள். "சூப்பர்ப்பா! நேத்தைவிட ஒரு வீடு தள்ளி விழுந்திருக்கீங்க!"

ஆச்சரியம், அவ்வளவாக வலிக்கவில்லை. எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டே மனைவியிடம் மெல்லக் கேட்டேன்: "எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"கல்யாணமான முதல் வாரமே. கோப்பையைத் துடைக்கிறப்போ கவிழ்த்துப் பாத்தேன். அடியில போட்டிருக்கு: 'மாறுவேடப் போட்டி, ஆறுதல் பரிசு.'"