கண்ணு போட்டா புருவம் இனாம்

ஒரு சிலையை வேன்ல ஏத்தினு வந்து ஒரு வீட்டுல இறக்கணும். அன்னைக்கு வேலை அவ்வளவுதான்.

செங்கல்பட்டுல எனக்கு அப்போ ரெண்டு வேன். மறைமலைநகர் கம்பெனி ஒண்ணுக்கு ஷிப்ட் ஆளுங்களை ஏத்தி இறக்குற ஓட்டம். காண்ட்ராக்ட் முடியுற நேரம். புதுசு போடவேண்டிய மேனேஜர் கூப்பிட்டாரு.

"முனுசாமி, மகாபலிபுரம் பக்கத்துல ஒரு பெரிய ஆர்ட்டிஸ்ட் இருக்கார். அவர்கிட்ட சிலை ஒண்ணு சொல்லியிருக்கேன். சாயந்தரம் புது வீட்டுல விருந்து. பத்திரமா கொண்டு வந்துடுங்க."

"எப்படி இருக்கும் சார் சிலை?"

"நானே பாக்கலை. அவர் கைபட்டா போதும். காண்ட்ராக்ட்டை அடுத்த வாரம் பேசிக்கலாம்."

சிலை நல்லபடியா வந்தா கையெழுத்து. எனக்குப் புரிஞ்சுபோச்சு.

சவுக்குத் தோப்புக்குள்ள ஒரு தகரக் கொட்டாய். உள்ளே தாடியும் லுங்கியுமா ஆர்ட்டிஸ்ட். வாங்கன்னுகூட சொல்லலை. மூலையைக் காட்டி, "அதான், தூக்கினு போ"ன்னாரு.

பெரிய பூசணிக்காய் அளவுல மாக்கல்லுல ஒரு தலை. மூக்கு இருந்தது, வாய் இருந்தது. கண்ணு இருக்கவேண்டிய எடம் வழவழன்னு மொட்டை.

"இன்னா சார், கண்ணு போடலையா?"

"போட மாட்டேன்."

"வேலை பாக்கி கீதே."

"முடிஞ்சுது."

"இதுக்குப் பேரு இன்னா?"

"பார்வை."

எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. கத்திரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறி எறங்குற ஆளு நான். மேனேஜர் மாதிரி படிச்ச மனுஷன் தலையில இப்படி மொளகா அரைக்கிறதைப் பாத்துக்கினு சும்மா இருப்பனா? பேரத்தை ஆரம்பிச்சேன்.

"சரி சார், ரெண்டு வேணாம். ஒரு கண்ணாவது போட்டுக் குடு."

அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "மெயின் ரோட்டுல பட்டறை பட்டறையா கண்ணோட விக்கிறான். அங்க போய்யா." தலையை வேன்ல ஏத்தினதும் கதவைச் சாத்திக்கிட்டாரு.

திட்டுறாருன்னு எனக்குத் தெரியலை. வழி சொல்றாருன்னு எடுத்துக்கினேன்.

மேனேஜரைக் கேக்கலாம்னா அப்போ ஏது கையில போன்? நேரா நம்ம ஏழுமலை பட்டறைக்கு வுட்டேன். சாமி சிலை அடிக்கிற ஆளு. தலையைப் பாத்து தயங்குனான்.

"அண்ணாத்த, கண்ணு தொறக்கறது சும்மா இல்ல. நாள் பாக்கணும், குளிச்சுட்டு உளி எடுக்கணும், முடிச்சதும் பசுவும் கன்னுமா காட்டணும்."

"இது சாமி இல்லய்யா, ஆசாமி. போடு."

கண்ணுக்கு இவ்வளவுன்னு ஒரு ரேட் சொன்னான். வுடுவனா? "ரெண்டு கண்ணும் பக்கத்துல பக்கத்துலதான கீது? நீ எழுந்துகூட போக வேணாம்"னேன். பேசிப் பேசி பாதிக்குக் கொண்டாந்தேன். புருவம் இனாம்.

முடிச்சுட்டு நகர்ந்தான். எனக்கு பகீர்னுச்சு. "ஏம்ப்பா, எடது கண்ணு மூக்கைப் பாக்குதே?"

"பாதி ரேட்டுக்கு அது நேரா பாக்காது அண்ணாத்த."

சாயந்தரம் ஹால் நடுவுல சிலை. சுத்தி கோட்டும் பட்டுப்புடவையுமா கூட்டம். மேனேஜர் விளக்கம் குடுத்துக்கினு இருந்தாரு. "பாருங்க, ஒரு கண் உலகத்தைப் பாக்குது. இன்னொண்ணு தனக்குள்ளயே பாக்குது. நவீன மனுஷனோட தவிப்பே இதுதான்."

"அந்தப் புருவம் என்ன துணிச்சல்"னு ஒரு அம்மா நெஞ்சுல கை வச்சாங்க.

துணிச்சல் இல்லம்மா, இனாம். மனசுக்குள்ள சொல்லிக்கினு பஜ்ஜியைக் கடிச்சேன். அப்போதான் வாசல்ல ஆர்ட்டிஸ்ட் நுழைஞ்சாரு. அதே தாடி. லுங்கி மட்டும் வேட்டி ஆகியிருந்தது.

கடிச்ச பஜ்ஜியோட மூலைக்கு நகர்ந்தேன்.

சிலையை ஒரு சுத்து சுத்தி வந்தாரு. "கண்ணு யாரு போட்டது?"

"நீங்கதானே சார்," மேனேஜர் சிரிச்சாரு. "இவ்வளவு நேரம் அதைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்."

ஆர்ட்டிஸ்ட் மூலையில நின்ன என்னைப் பாத்தாரு. கால்ல விழுந்துடலாமான்னு யோசிச்சேன். அந்தத் தாடிக்குள்ள எதோ அசைஞ்சுது. சிரிப்பு.

"கண்ணு இவர் வேலை. பாராட்டெல்லாம் இவருக்கே. அது ஏன் மூக்கைப் பாக்குதுன்னு இவரையே கேளுங்க."

கூட்டம் மொத்தமா என் பக்கம் திரும்பிச்சு. மேனேஜர் மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஆனா ஊருக்கு முன்னாடி புகழ்ந்ததைத் திருப்பி வாங்க முடியுமா? "சொல்லுங்க முனுசாமி"ன்னாரு பல்லைக் கடிச்சுக்கினு.

வாயில வந்ததைச் சொன்னேன். "அதுக்கு மேல கட்டுப்படி ஆகலீங்க."

ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கினாங்க. அப்புறம் கை தட்டுனாங்க. "எவ்வளவு எளிமையா சொல்லிட்டார்"னு அந்த அம்மா கண்ணைத் தொடைச்சாங்க.

அடுத்த வாரம் கையெழுத்துக்குப் போனேன். மேனேஜர் எழுந்து நின்னாரு.

"உக்காருங்க சார்."

இத்தனை வருஷத்துல என்னை சார்னது அதான் மொதல் தடவை. நாற்காலி நுனியில உக்காந்தேன்.

"காண்ட்ராக்ட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். உங்களை மாதிரி ஒரு கலைஞரைப் போய் ஷிப்டுக்கு ஆள் ஏத்தச் சொன்னா பாவம் சார் அது"ன்னாரு, ரெண்டு கண்ணாலயும் என்னை நேராப் பாத்து.

கலைக்காக நான் ரெண்டு வேனைத் தியாகம் பண்ணியிருக்கேன். யாராவது கேட்டா சொல்லுங்க.