பலகையில் நின்றுபோன 371

கிழக்குத் தாம்பரம்
23-6-1973

மகா கனம் பொருந்திய அசரியா அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் சுவிசேஷமுத்து பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நான், ஜெயசீலி, புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த முன்னறை உட்பட எல்லாரும் சுகம். அங்கே அக்காவின் முழங்காலும் தங்கள் மூக்குக்கண்ணாடியும் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

அத்தான், நான் பாஸாகிவிட்டேன்! இன்று மத்தியானம்தான் பட்டியல் ஒட்டினார்கள். எழுபத்தொரு மார்க். அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்தவன் கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பின்னே என்ன, ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று எங்கள் பத்துப் பேரைக் கிண்டியில் ஆறு வார வகுப்பில் போட்டு, பரீட்சையில் தேறாதவருக்கு நாக்பூர் கிளை என்று சொல்லிவிட்டார்கள். சொந்தமாய்க் கட்டிய வீட்டைப் பிரதிஷ்டை பண்ணிக் குடிவந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. "நாக்பூருக்கு நீங்க போங்க, நான் இந்த நெலப்படியத் தாண்டி வரமாட்டேன்" என்று ஜெயசீலி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

N = N + 1 என்று கரும்பலகையில் எழுதினார்கள் என்று தங்களுக்கு எழுதியிருந்தேன் அல்லவா, அதற்குத் தாங்கள், "முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் சொல்கிறேன், இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு கிடையாது, எழுதியவனைப் பெஞ்சுமேல் ஏற்றவும்" என்று கார்டு போட்டீர்கள், நானும் அதைக் கொண்டுபோய் சுப்ரமணியனிடம் நீட்டினேன், அவர்தான் எங்கள் ஆசிரியர், எனக்கு மகன் வயசு, அவர் படித்துவிட்டுப் பொறுமையாக, "சார், இது சமன்பாடே இல்ல. N ஒரு பெட்டி. உள்ள இருக்கறதோட ஒண்ணு கூட்டி அதே பெட்டியில திரும்பப் போடுறோம், அவ்வளவுதான்" என்றார். பெட்டி எவ்வளவு பெரியது என்று கேட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அடுத்து B = A என்று எழுதி, A-யில் இருக்கிற ஐந்து இப்போது B-க்கும் வந்துவிட்டது என்றார். "அப்போ A காலியா தம்பி?" என்றேன். "இல்ல சார், அங்கயும் அஞ்சு இருக்கும்." எடுத்துக் கொடுத்த பிறகும் குறையாத பெட்டியா? பக்கத்து நாற்காலி சிட்டிபாபு, "அப்டியாப்பட்ட பொட்டி நம்ம கைல கீதுன்னா இன்னாத்துக்கு சார் வேலைக்கு வரப்போறோம்?" என்றான். பிறகு ஐந்து வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் புரியவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பரீட்சை. வியாழன் சாயங்காலம் நம் சபை தனசிங் மகள் கலியாணம். நம் கோயிலில் பாட்டு எண் பலகையின் மூன்று வரிசையிலும் எண் அட்டை செருகுவது என் பொறுப்பு என்று தங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை ஒரு அடக்க ஆராதனை, அதற்கு முதல் பாட்டு 371. வியாழன் போய் கீழ் இரண்டு வரிசைக்கும் கலியாணப் பாட்டுக்கான புது அட்டை செருகினேன், 371 நின்ற முதல் வரிசைக்குக் கை வைக்கும்போது பார்த்து இந்த N நினைவுக்கு வந்தது, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தவன், பெண்ணின் கார் வந்த சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். பெண் உள்ளே வருகிறாள், ஆர்கனில் ரத்தினபாய் டீச்சர், பலகையைப் பார்த்தார், வாசித்தார், நம் சபையார் என்றைக்கு எண்ணைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், எழுந்து நின்று மண்ணுக்குத் திரும்பும் பாட்டை நாலு சரணமும் முழுத் தொண்டையில் பாடினார்கள், பாதியில் நிறுத்தும் பழக்கம் நமக்குக் கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா அழுதே விட்டார்கள்.

வெளியே வந்ததும் தனசிங் டீச்சரைப் பிடித்துக்கொண்டார். டீச்சர், "நான் என்ன பண்ணட்டும்? பலகையில என்ன இருக்கோ அதை வாசிக்கிறேன். இது போன ஆராதனைக்குப் போட்டதா, இன்னைக்குப் போட்டதான்னு நானா பாக்கணும்? புதுசு போடலன்னா பழசுதான் நிக்கும்!" என்றார். அத்தான், அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது! வரிசைதான் பெட்டி. அட்டைதான் உள்ளே இருப்பது. முந்நூறு பேர் பார்த்துப் பாடினாலும் எண் பலகையை விட்டுக் குறைவதில்லை, புது அட்டை போட்டால் பழையது போச்சு, போடாவிட்டால் பழையதே பேசும். "புரிஞ்சுபோச்சு!" என்று கத்திச் சிரித்துவிட்டேன். தனசிங் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மறுநாள் முதல் கேள்வியே, இந்தப் புரோகிராம் ஏன் தப்பான விடை தருகிறது என்று. N-க்கு முதலில் எதுவும் போடவில்லை, உள்ளே கிடந்த பழையதோடு கூட்டிக்கொண்டே போகிறது என்று ஒரே மூச்சில் எழுதினேன். சுப்ரமணியன் கை கொடுத்தார்.

ஒரே குறை, இரண்டு நாளாக ஊரில் என் பெயர் 371. எதிர்வீட்டுத் தபீதாள், ஜெயசீலியை "371 வீட்டம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள். குழாயடிக்குப் போகவே ஜெயசீலி கூசுகிறாள். போகட்டும், வீடு நின்றதே. அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் கார்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், பெஞ்சுமேல் யாரும் ஏற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சு. சுவிசேஷமுத்து

பி.கு.: இன்று திங்கள். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. ஆபீசில் புது உத்தரவு வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சென்னைக்கு இல்லையாம், நாக்பூருக்காம். தேறியவர்கள் எல்லாரும் அதோடு போகவேண்டும். தேறாதவர்களுக்கு அங்கே வேலை இல்லை, இங்கேயே இருக்கலாம். சிட்டிபாபு பதினெட்டு மார்க். "பெயிலாயிட்டு பேஜாராகினு இருந்தேன் சார், இப்ப வூட்டாண்டயே வேல!" என்று எனக்கே லட்டு கொடுத்தான். இதை எப்படிச் சொல்வது என்று தெருமுனையில் இரண்டு முறை நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஜெயசீலி முழுக்கக் கேட்டாள். பிறகு பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள். "வீடு எங்க போகப்போவுது, வாடகைக்கு விடலாம். ஏங்க, நாக்பூர்ல 371-ன்னா அது வெறும் நம்பர்தானே?"